துபாய்க்குத் திரும்பிப் போய் வேலை தேடலாமா? ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஓர் ஆலோசனை

பாலாற்றங்கரை | ஜூலை 6, 2025

அனைவருக்கும் வணக்கம். நான் வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறேன். வயது 44. தொரப்பாடி பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயம் முடித்து, சென்னையில் ஆறு ஆண்டுகள் ஏசி வேலை பார்த்துவிட்டு, 2007-ஆம் ஆண்டு துபாய்க்குப் போனேன். டக்ட் எனும் ஏசி காற்றுக் குழாய்களைப் பொருத்தும் குழுவில் ஹெல்ப்பராகச் சேர்ந்து, போர்மேனாகி, கடைசி ஐந்து ஆண்டுகள் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். கொரோனா வந்ததும் நிறுவனம் முதலில் பாதிச் சம்பளம் தந்தது. பிறகு எங்களில் பலரை நீக்கியது. 2020 ஜூன் மாதம் அரசு ஏற்பாடு செய்த வந்தே பாரத் மீட்பு விமானத்தில் சென்னைக்கு வந்து இறங்கினேன். அடிப்படைச் சம்பளம் 2,200 திர்ஹம் என்பதால், முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள், பிந்திய எட்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 30 நாள் என்று 345 நாள் சம்பளம் கணக்கிட்டு, பணிக்கொடையாக 25,300 திர்ஹம் கொடுத்தார்கள். அன்றைய மதிப்பில் அது ஐந்து லட்சத்துச் சொச்சம்.

அந்தப் பணத்தில் இங்கே ஏசி சர்வீஸ் கடை தொடங்கினேன். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் முதல் ஜூன் வரை சாப்பிட நேரம் இருக்காது. மற்ற எட்டு மாதங்களில் கடை வாடகையும் இரண்டு பையன்களின் சம்பளமும் போக, வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது ஆண்டுகளுக்கு இருக்கிறது. நான் வந்தபோது 20 ரூபாய்க்குச் சற்று மேலே இருந்த திர்ஹம் இப்போது 23 ரூபாயைத் தாண்டிவிட்டது என்று தினமும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆகஸ்ட் மாதம் 60 நாள் விசிட் விசா எடுத்துப் போய் நேரில் வேலை தேடலாம் என்று நினைக்கிறேன். பதின்மூன்று ஆண்டுகள் இருந்த ஊர். மெட்ரோ தொடங்கிய 2009-இல் முதல் வாரத்திலேயே ஏறியவன் நான். எந்தத் தெருவில் எந்த நிறுவனம் என்று இன்றும் கண் மூடிச் சொல்வேன். பழைய அறைத் தோழர்கள் சிலர் இருக்கிறார்கள். தயக்கம் ஒன்றுதான். பயோடேட்டாவில் 2020-க்குப் பிறகு என்ன எழுதுவது? கடை வைத்திருந்தேன் என்று எழுதினால் தோற்றுத் திரும்பியவன் என்று நினைப்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது. நண்பர் ஒருவர் சென்னை நிறுவனம் ஒன்றில் சூப்பர்வைசராக இருந்ததாகப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். போய்த் திரும்பியவர்கள் உண்மையான அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கராமா வாசி | ஜூலை 6

ஐயா, நான் காட்பாடிக்காரன். 2011 முதல் இங்கே துபாயில் இருக்கிறேன்; பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் மந்தூபுக்கு (அரசு அலுவலக வேலைகளை முடித்துத் தருபவர்) உதவியாளராக விசாத் தாள்களோடு அலைவதுதான் என் வேலை. ஆகவே எனக்குத் தெரிந்த பகுதியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஆகஸ்ட் மாதத்தை விட்டுவிடுங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை வெயிலில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது என்ற தடை நடப்பில் இருக்கும். பள்ளி விடுமுறை என்பதால், ஆளெடுக்கும் அதிகாரம் உள்ள மேலாளர்களில் பெரும்பாலோர் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருப்பார்கள். நீங்கள் கொடுத்துவிட்டு வரும் தாள் மேசையிலேயே கிடக்கும், உங்கள் விசா நாட்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். செப்டம்பர் இறுதியிலிருந்து நவம்பர் வரை நல்ல காலம். அதை விட்டால் ஜனவரி. அடுத்த ஆண்டு பிப்ரவரி நடுவிலேயே ரமலான் பிறந்துவிடுவதால் அதன் பிறகு மீண்டும் மந்தமாகிவிடும்.

விசா விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். வேலை தேடுவதற்கென்றே 60, 90, 120 நாட்களுக்கு, இங்குள்ள ஆதரவாளர் யாரும் தேவைப்படாத விசா ஒன்று 2022 அக்டோபரில் வந்தது உண்மை. ஆனால் அதற்குக் குறைந்தது இளநிலைப் பட்டமோ அதற்கு இணையானதோ வேண்டும். பட்டயத்தை வைத்துக்கொண்டு அதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். உங்களுக்கு வழி சாதாரண விசிட் விசாதான். நாள் கடந்து தங்கினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹம் அபராதம். சென்ற ஆண்டு முதல் திரும்பும் டிக்கெட்டையும் தங்குமிடச் சான்றையும் கண்டிப்பாகக் கேட்கிறார்கள். கையில் 3,000 திர்ஹம் அளவுக்குப் பணம் இருப்பதைக் காட்டச் சொல்லிச் சிலரை விமான நிலையத்திலேயே நிறுத்தியிருக்கிறார்கள். வேலை கிடைத்தால் நாட்டை விட்டு வெளியேறாமலேயே விசாவை மாற்றிக்கொள்ளலாம்.

தங்குமிடம் நீங்கள் இருந்த காலத்தைப் போல் இல்லை. ஊரின் மக்கள்தொகை 2020 முடிவில் ஏறக்குறைய 34 லட்சம்; 2024 முடிவில் 38 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வாடகை அதைவிட வேகமாக ஏறியது. ரிக்கா, முரக்கபாத், சத்வா, ரஃபா, பர்ஷா பகுதிகளில் அனுமதியில்லாமல் பார்ட்டிஷன் போட்ட அறைகளைச் சென்ற ஜூன் மாதம் நகராட்சி அகற்றத் தொடங்கியது. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் பெட் ஸ்பேஸ் (பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில்) தேடி அலைகிறார்கள். எந்த அறையில், யாருடைய பெயரில், எவ்வளவு வாடகையில் படுக்கப் போகிறீர்கள் என்று தெரியாமல் விமானம் ஏறாதீர்கள்.

மிக முக்கியமானது ஒன்று. “ஒரு வாரம் வேலை செய்து காட்டுங்கள், பிடித்திருந்தால் விசா போடுகிறோம்” என்று சொல்லும் இடத்துக்குப் போகவே போகாதீர்கள். விசிட் விசாவில் வேலை செய்வது குற்றம். அனுமதியில்லாமல் ஆள் வைக்கும் முதலாளிக்கு 2024 முதல் ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று சட்டத்தைக் கடுமையாக்கியிருக்கிறார்கள். அதையும் மீறி அப்படிக் கூப்பிடுபவன் உங்களுக்குச் சம்பளம் தரும் எண்ணத்தோடு கூப்பிடவில்லை. ஆஃபர் லெட்டர் தொழிலாளர் அமைச்சகத்தின் படிவத்தில்தான் வர வேண்டும். அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் அது கிடைக்கும், அந்த மொழிகளின் வரிசையில் நம் தமிழும் இருக்கிறது. தமிழில் கேட்டு வாங்கி, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்ற வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் பணிக்கொடை 25,300-இல் நின்றது அந்த ஒரு வரியால்தான்.

குடியாத்தம் தறி | ஜூலை 7

நான் எதிர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் இதே எண்ணத்தோடு போனேன். அங்கே ஒன்பது ஆண்டுகள் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். ஊரே எனக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு லட்சம் வட்டிக்கு வாங்கினேன். அறுபது நாட்களில் நாற்பது நாட்கள் தேராவில் ஒரு கட்டிலில் உட்கார்ந்து கைப்பேசியில் விண்ணப்பம் போட்டேன். அதைக் குடியாத்தத்திலிருந்தே செய்திருக்கலாம் என்பது திரும்பி வந்த பிறகுதான் உறைத்தது. பழைய கிடங்கு இருந்த தெருவுக்கு ஒரு முறை போனேன், வாசல் வரை. உள்ளே என்னிடம் வேலை கற்ற பையன் மேலாளராக இருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் திரும்பிவிட்டேன். அவனைப் போய்ப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடனை இப்போதுதான் அடைத்து முடித்தேன். உங்களிடம் ஒரு கடை இருக்கிறது ஐயா. அதை மூடிவிட்டுப் போகாதீர்கள்.

பாலாற்றங்கரை | ஜூலை 7

நீங்கள் எழுதியதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். நான் யாரிடமும் சொல்லாத விஷயத்தை நீங்கள் எழுதிவிட்டீர்கள். எனக்குக் கீழே டேப் பிடித்த ஆந்திரத்துப் பையன் ஒருவன் இப்போது பெரிய பராமரிப்பு நிறுவனத்தில் பொறுப்பான பதவியில் இருக்கிறான். அவனுடைய எண் என்னிடம் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளாகப் பண்டிகை வாழ்த்து மட்டும் அனுப்புகிறேன். வேலை என்ற சொல்லை எழுதியதில்லை.

சோளிங்கர் மலையடி | ஜூலை 8

பாலாற்றங்கரை அவர்களுக்கு வணக்கம். நான் துபாயில் எம்.இ.பி. துறையில் (கட்டடங்களின் இயந்திர, மின், குழாய் வேலைகள்) பதினாறு ஆண்டுகள் பணியாற்றி, ஆட்களை நேர்காணல் செய்யும் இடத்திலும் இருந்துவிட்டு, சென்ற ஆண்டு ஊரோடு வந்துவிட்டேன். உங்கள் தொழிலைப் பற்றியே பேசலாம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஊர் மாறியதைவிட உங்கள் வேலைதான் அதிகம் மாறியிருக்கிறது.

நீங்கள் சூப்பர்வைசராக இருந்தபோது அச்சடித்த டிராயிங்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாடி ஏறியிருப்பீர்கள். துபாய் நகராட்சி 2014 முதல் 40 மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு பிம் முறையை (கட்டடத்தைக் கணினியில் முப்பரிமாண மாடலாக உருவாக்குவது) கட்டாயமாக்கி, பிறகு அதைச் சிறிய கட்டடங்களுக்கும் விரித்தது. அது முதலில் அலுவலகத்தில் இருப்பவர்களின் பாடாக மட்டும் இருந்தது. இப்போது சைட்டில் நிற்கும் போர்மேனிடமும் டேப்லெட்டைக் கொடுத்து, டக்டும் ஸ்பிரிங்ளர் குழாயும் எங்கே மோதுகின்றன என்று மாடலைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறார்கள். புதுக் கட்டுமானத்தில் உங்கள் பழைய இடத்தைக் கேட்டுப் போனால், முப்பது வயதுப் பையன் அந்த மாடலை உருவாக்கும் ரெவிட் மென்பொருள் தெரிந்தவனாக உங்களுக்கு முன்னால் நிற்பான். சம்பளமும் உங்களைவிடக் குறைவாகக் கேட்பான்.

ஆனால் அந்த ஊரில் கட்டி முடித்த கட்டடங்கள் எத்தனை இருக்கின்றன என்று யோசியுங்கள். அவை ஒவ்வொன்றுக்கும் ஆண்டு முழுவதும் குளிர் வேண்டும். அவற்றைப் பராமரிக்கும் நிறுவனங்கள்தான் உங்கள் வயதுக்காரரை, உங்கள் அனுபவத்தோடு, விரும்பி எடுக்கும் இடம். எம்பவர், தப்ரீத், எமிகூல் போன்ற நிறுவனங்கள் குளிர்ந்த நீரைக் குழாயில் கொண்டுவந்து கட்டடத்தின் அடித்தளத்தில் விடுகின்றன. அதற்கு மேல் பம்ப், வால்வு, அறைக்குள் குளிர்காற்றை ஊதும் எஃப்.சி.யு., தெர்மோஸ்டாட் எல்லாம் பராமரிப்பாளரின் கையில். வில்லாக்களிலும் சிறிய கட்டடங்களிலும் ஸ்பிளிட் ஏசியும், ஒரு வெளி யூனிட்டோடு பல உள் யூனிட்டுகளை இணைக்கும் வி.ஆர்.எஃபும் இருக்கும்.

இனி உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். நேர்காணலில் என் எதிரே உட்கார்ந்த சூப்பர்வைசர்களில் பலருக்கு ஓர் ஏசியைத் தாமே கழற்றிப் பழுது பார்க்கத் தெரியாது. பதினைந்து ஆண்டுகள் பொருத்தியிருப்பார்கள். பொருத்திய பிறகு அது என்ன ஆனது என்று பார்த்திருக்க மாட்டார்கள். நீங்கள் ஐந்து கோடைகள் கடை நடத்தியிருக்கிறீர்கள். ஆர்-22 இயந்திரம் முதல் ஆர்-32 வரை வாயு நிரப்பியிருப்பீர்கள். இன்வெர்ட்டர் போர்டில் பிழை எண் வந்தால் எங்கே தொடங்க வேண்டும் என்று கை பழகியிருக்கும். கோபத்தோடு பேசும் வாடிக்கையாளரைச் சமாளித்திருப்பீர்கள். பராமரிப்பு மேலாளர் தேடுவது இந்த ஐந்து ஆண்டுகளைத்தான். அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் பொய்யான ஒரு சென்னை நிறுவனத்தை எழுதச் சொல்லும் நண்பரின் பேச்சைக் கேட்காதீர்கள். சான்றிதழைச் சரிபார்க்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அது அகப்பட்டால் உண்மையான பதின்மூன்று ஆண்டுகளையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள்.

தொரப்பாடிச் செவிலி | ஜூலை 8

மேலே சொன்னதை என் அனுபவமும் உறுதிப்படுத்துகிறது. நான் துபாயில் ஏழு ஆண்டுகள் செவிலியராக இருந்து, 2018-இல் தாயாரின் உடல்நிலைக்காக வேலூர் வந்து, 2022-இல் மறுபடியும் போய் மூன்று ஆண்டுகள் பணியாற்றினேன். எங்கள் துறையில் அங்குள்ள சுகாதார ஆணையத்தின் உரிமம் வேண்டும். பணியில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் கூடுதல் நிபந்தனைகள் வந்துவிடும். வேலூரில் இருந்த நான்கு ஆண்டுகளும் ஒரு மருத்துவமனையில் குறைந்த சம்பளத்துக்கு இரவுப் பணி பார்த்ததால் என் தாள்கள் டேட்டாஃப்ளோ எனும் சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கலின்றிப் போயின. என்னோடு திரும்பிய தோழி, என்னைவிடத் திறமையானவள், வீட்டோடு இருந்துவிட்டாள். இன்றும் அவளால் போக முடியவில்லை.

ஆகையால், அண்ணா, கடைக்கு ஜி.எஸ்.டி. பதிவோ உத்யம் எனும் சிறுதொழில் பதிவுச் சான்றிதழோ இருந்தால் நகல் எடுத்து வையுங்கள். பள்ளி, திருமண மண்டபம், மருத்துவமனை போன்ற இடங்களில் ஆண்டு ஒப்பந்தம் செய்திருந்தால் அவர்களிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். வாயால் சொல்லும் அனுபவத்துக்கு அங்கே மதிப்பில்லை. இன்னொன்று: விசாவுக்கு மருத்துவப் பரிசோதனையில் மார்பு எக்ஸ்ரே உண்டு, காசநோய்க்காக. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பணம் செலவழித்துப் போவதற்கு முன் இங்கேயே ஒன்று எடுத்து மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

ஆம்பூர் மருமகள் | ஜூலை 9

இங்கே எழுதுபவர்கள் எல்லோரும் போகிறவரின் பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள். நான் இருந்தவளின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். என் கணவர் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தவர். துபாயில் ஆறு ஆண்டுகள், பிறகு ஊரில் நான்கு ஆண்டுகள், பிறகு மறுபடியும் விசிட் விசாவில் அதே ஊருக்கு. முதல் தடவை போனபோது மாமியார் அழுதார், நான் அழுதேன், ஆனால் கையில் வேலை இருந்தது. இரண்டாம் தடவை எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் போகும் தேதி மட்டும்தான்.

முப்பது நாள் என்று போனவர் விசாவை நீட்டித்தார். பிறகு இன்னொரு முறை நீட்டித்தார். நீட்டிக்கக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்டால் மனம் நொந்துவிடுவாரோ என்று நானும் கேட்கவில்லை. பேசும்போதெல்லாம் “இந்த வாரம் ஓர் இடம் சொல்லியிருக்கிறார்கள்” என்பார். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு நான் நகையை வைத்தது அவருக்குத் தெரியாது, அங்கே அறைத் தோழரிடம் அவர் பட்ட கடன் எனக்குத் தெரியாது. நாலாவது மாதம் வேலை கிடைத்தது, இறைவனுக்கு நன்றி. ஆனால் அந்த நாலு மாதத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் மறைத்ததைச் சரிசெய்ய ஒரு வருடம் ஆயிற்று.

அண்ணன் அவர்களே, திரும்பும் தேதியை அண்ணியிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். எவ்வளவு பணம் எடுத்துப் போகிறீர்கள், எவ்வளவு வீட்டில் விடுகிறீர்கள், எந்தத் தொகைக்குக் கீழே இறங்கினால் வேலை கிடைக்காவிட்டாலும் வந்துவிடுவீர்கள் என்பதை இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். கடைச் சாவி யாரிடம், பையன்களுக்குச் சம்பளம் யார் தருவது, மகளின் பொதுத்தேர்வுக் காலத்தில் வீட்டில் யார் இருப்பது என்பதையும் பேசுங்கள். குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்வதாக இருந்தால், அதற்குச் சம்பளம் 4,000 திர்ஹமோ, தங்குமிடத்தோடு 3,000 திர்ஹமோ வேண்டும் என்பது சட்டம். அந்தச் சம்பளத்தில் அங்கே வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்ட முடியுமா என்பது வேறு கணக்கு. பொய்யான ஆறுதல் சொல்லாதீர்கள்.

மோர்தானா | ஜூலை 11

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி, எனக்கு எழுபத்தொரு வயது. பேரணாம்பட்டு. என் மகன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்கிறேன்.

1983 முதல் குவைத் நகரில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கராக இருந்தேன். 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி காலையில் இராக் படை உள்ளே வந்துவிட்டது. பாக்தாத் வழியாக ஜோர்டானுக்குப் போய், அம்மானில் கூடாரத்தில் இருந்து, ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய்க்கு வந்தவர்களில் நானும் ஒருவன். கையில் ஒரு தோல் பை. அதற்குள் பாஸ்போர்ட், பத்தாக்கா எனும் குவைத் அடையாள அட்டை, ஏழு ஆண்டுச் சம்பளச் சீட்டுகள். மற்றவர்கள் துணியும் ரேடியோவும் கட்டிக்கொண்டபோது நான் சீட்டுகளைக் கட்டியதற்காக எல்லோரும் என்னைக் கோபித்தார்கள். பின்னால் ஐக்கிய நாடுகள் சபை இழப்பீடு கொடுத்தபோது, வேறு கோரிக்கை இல்லை என்று எழுதிக் கொடுத்த தனியாளுக்கு 4,000 டாலர் என்று வந்தது. என் விண்ணப்பத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்தப் பணத்தில்தான் இந்த வீட்டின் மேல் தளம் எழும்பியது.

1992-இல் பழைய முதலாளியின் தம்பி விசா அனுப்பினார். ஊர் விடுதலை ஆகிவிட்டது, என் நாற்காலி எனக்காகக் காத்திருக்கிறது என்ற எண்ணத்தோடு போனேன். கடை இருந்த இடத்தில் சுவர் மட்டும் இருந்தது. முதலாளி வேறு இடத்தில் புதிதாகத் தொடங்கியிருந்தார். அங்கே கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் எகிப்தியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதலாளி என்னைக் கட்டித் தழுவினார், மதியம் சோறு போட்டார், வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கு என்னைப் பிடிக்கும், ஆனால் என் பேரேடு அவருக்குத் தேவைப்படவில்லை.

எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் ஃபர்வானியாவில் தேநீர்க்கடை வைத்திருந்த மலையாளி. முன்பு அவர் கடையில் தினமும் தேநீர் குடித்திருக்கிறேன், அவ்வளவுதான் பழக்கம். கடைக்குப் பின்னால் இருந்த பக்காலாவில் (மளிகைக் கடை) ஆள் தேவை என்று அவர்தான் சொன்னார். கணக்கராக இருந்தவன் மூட்டை இறக்கிக் கணக்கும் எழுதினேன், முன்பு வாங்கியதில் பாதிச் சம்பளத்துக்கு. ஒன்றரை ஆண்டில் நிமிர்ந்தேன். நெருங்கிய நண்பர்களிடம் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள், தம்பி. பழைய டிரைவர், மெஸ் நடத்தியவர், சாமான் கொடுத்த கடைக்காரர், எல்லோருக்கும் இங்கிருந்தே சொல்லி வையுங்கள். அந்த ஆந்திரத்துப் பையனிடம் முதலில் சொல்லுங்கள். அவன் உங்களிடம் வேலை கற்றவன். நீங்கள் கேட்பதை அவன் இழிவாக நினைக்க மாட்டான்.

சோளிங்கர் மலையடி | ஜூலை 12

பெரியவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். புறப்படுவதற்கு முன், அங்கே உங்கள் பெயரில் பழைய கடன் அட்டைப் பாக்கி, கைப்பேசி பில் ஏதேனும் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 2020-இல் அவசரமாக வந்தவர்கள் பலர் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் விசா வந்துவிட்ட நம்பிக்கையில் போய், வங்கி தொடுத்த வழக்கால் திரும்பி வர முடியாமல் சிக்கிக்கொண்டார். துபாய் டிரைவிங் லைசென்ஸ் இருந்தால், காலாவதியாகியிருந்தாலும் அட்டையைப் பத்திரமாக எடுத்துப் போங்கள். அந்நாட்டு அடையாள அட்டையான எமிரேட்ஸ் ஐ.டி. புதிதாக வந்த பிறகு புதுப்பிக்கலாம். பராமரிப்பு வேலையில் வண்டி ஓட்டத் தெரிந்த சூப்பர்வைசருக்கு முன்னுரிமை உண்டு.

பாலாற்றங்கரை | செப்டம்பர் 21

இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகிவிட்டது. பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் பயணத்தைக் கைவிட்டேன். பழைய டைரியிலிருந்து 31 எண்களை எடுத்து எழுதினேன். பதினொன்று இப்போது இல்லை. நான்கு பேர் ஊரோடு வந்துவிட்டார்கள். ஒருவர் இறந்துவிட்டதை அவருடைய மகன் சொல்லித்தான் அறிந்தேன். மீதிப் பேரிடம் வேலை தேடுகிறேன் என்று நேராகவே சொன்னேன். முதல் அழைப்பு ஆந்திரத்துத் தம்பிக்கு. அவனிடம் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அவன் “பெரியண்ணா, ஐந்து வருஷமாக ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டபோது என்னால் சற்று நேரம் பேச முடியவில்லை.

பயோடேட்டாவில் கடையின் பெயரையும் உத்யம் எண்ணையும் எழுதினேன். ஒரு பள்ளியும் ஒரு திருமண மண்டபமும் பராமரிப்புக் கடிதம் கொடுத்தன. ஆகஸ்ட் இறுதியில் அவனுடைய நிறுவனத்தின் மேலாளர் காணொளியில் முக்கால் மணி நேரம் பேசினார். துபாயில் நான் பார்த்த கோபுரங்களைப் பற்றி இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டார். மற்றதெல்லாம் பழுது பற்றியவை: வி.ஆர்.எஃப். இயந்திரத்தில் உள் யூனிட்டுக்கும் வெளி யூனிட்டுக்கும் தொடர்பு அறுந்தால் எங்கே முதலில் பார்ப்பேன், ஆர்-32 எரியும் தன்மை உள்ளது என்பதால் மூடிய அறையில் எப்படிக் கையாள்வேன், ஒரே குறைக்காக மூன்றாம் முறை அழைக்கும் வாடிக்கையாளரிடம் என்ன சொல்வேன். சென்ற மே மாதம் காட்பாடி மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு நடந்ததை அப்படியே சொன்னேன். குளிர்நீர் தயாரிக்கும் சில்லரின் பம்ப் பற்றிய ஒரு கேள்விக்கு எனக்குத் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டேன். இப்போது அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

வேலை உறுதியாகவில்லை. அக்டோபரில் நேரில் வந்தால் சைட்டில் ஒரு தேர்வு வைத்து முடிவு செய்வோம் என்றார்கள். தேர்வு மட்டும்தான், வேலை வாங்க மாட்டோம் என்று அவர்களாகவே சொன்னது எனக்கு நம்பிக்கை தந்தது. சம்பளம் 4,200 திர்ஹம், தங்குமிடம் அவர்களுடையது. 2020-இல் நான் மொத்தம் 5,200 வாங்கினேன். அன்றைய ரூபாயில் ஒரு லட்சத்து ஆறாயிரம். இன்று திர்ஹம் ஏறத்தாழ 24 ரூபாய் என்பதால் 4,200-ம் ஒரு லட்சத்தைத் தொடுகிறது. ஆனால் ஐந்து ஆண்டுகளில் வேலூரில் அரிசி விலை என்ன ஆயிற்று என்பதை என் மனைவி உடனே எடுத்துச் சொன்னார். பதவியும் ஒரு படி குறைவு. அதற்கு மனம் ஒப்ப மூன்று நாள் ஆயிற்று.

ஆம்பூர்ச் சகோதரி சொன்னபடி ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். அக்டோபர் 5 பயணம், நவம்பர் 30 திரும்பும் டிக்கெட், விசாவை நீட்டிப்பதில்லை. எடுத்துச் செல்லும் பணத்தில் வட்டிக்கு வாங்கியது எதுவும் இல்லை. கடையை மூடவில்லை, பையன்களில் மூத்தவன் வேலையைப் பார்ப்பான், என் மனைவி கணக்கைப் பார்ப்பார். உண்மையில் இந்த இரண்டு மாதங்களாகவே அவர்தான் பார்க்கிறார், ஆண்டு ஒப்பந்தம் இரண்டு புதிதாகப் பிடித்தும் விட்டார். அங்கே வேலை அமையாவிட்டால் டிசம்பர் முதல் வாரம் கடையில் இருப்பேன். மகளுக்கு மார்ச்சில் தேர்வு. வேலை அமைந்தால் அந்த நேரத்தில் நான் இல்லாமல் போவேன் என்பதுதான் எங்கள் மூவருக்கும் வலிக்கிறது. அதற்கு எங்களிடம் விடை இல்லை.

குடியாத்தம் தறி அவர்களே, நீங்கள் வாசலிலிருந்து திரும்பியதை எழுதியிராவிட்டால் நான் அந்தத் தம்பியை அழைத்திருக்க மாட்டேன்.

குடியாத்தம் தறி | செப்டம்பர் 21

நல்லபடியாகப் போய் வாருங்கள். நானும் என் பழைய கிடங்குப் பையனுக்கு நேற்று ஒரு செய்தி அனுப்பியிருக்கிறேன். வேலைக்காக அல்ல, நலம் கேட்டு.

கராமா வாசி | செப்டம்பர் 22

ஐயா, உங்களுக்குப் பெட் ஸ்பேஸ் எங்கள் கட்டடத்திலேயே பார்த்துவிட்டேன். முறையான வாடகை ஒப்பந்தம் உள்ள அறை, நால்வர், அதில் இருவர் ஆற்காட்டுக்காரர்கள். வெள்ளிக்கிழமை எல்லோரும் ஓய்வாக இருப்பார்கள் என்று பழைய நினைவில் யாரையும் பார்க்கப் போய்விடாதீர்கள். 2022 ஜனவரி முதல் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரை நாள் வேலை, சனியும் ஞாயிறும் விடுமுறை. எங்களைப் போன்ற பல நிறுவனங்களில் ஞாயிறுதான் ஓய்வு. மெட்ரோவில் ராஷிதியா என்ற பெயரைத் தேடாதீர்கள், அது இப்போது சென்டர்பாயிண்ட். உங்கள் விமானம் எந்த முனையத்துக்கு வருகிறது என்று எழுதுங்கள். ஒன்று அல்லது மூன்று என்றால் மெட்ரோவில் புர்ஜுமான் நிலையத்துக்கு வந்துவிடுங்கள், நான் நிலைய வாசலில் நிற்பேன். இரண்டாம் முனையத்தில் மெட்ரோ கிடையாது. அப்படியானால் உள்ளேயே இருங்கள், அக்டோபர் 5 ஞாயிறு என்பதால் நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.